பிரெயிலில் பத்தியும் பட்டியலும் கலைந்து வந்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

வேர்டில் ஒழுங்காக இருந்த வினாத்தாள், எம்பாஸரிலிருந்து (பிரெயில் அச்சு இயந்திரம்) வெளியே வரும்போது நாலாம் கேள்வி எங்கே முடிகிறது, ஐந்தாம் கேள்வி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடாமல் வரும். உடனே மென்பொருளைத் திட்டத் தோன்றும். பத்தில் எட்டு தடவை பழுது வேர்ட் ஃபைலுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்பேஸ் தட்டித் தட்டி உள்ளே தள்ளியது, என்டர் தட்டித் தட்டிக் கீழே இறக்கியது, டேப் வைத்து இரண்டு நெடுவரிசையாகப் பிரித்தது எல்லாம் அச்சில் எடுபடும். பிரெயில் மென்பொருளுக்கு அதெல்லாம் என்னவென்றே புரியாது.

தமிழ் யூனிகோடில் வேர்ட் ஃபைல், அதை டக்ஸ்பரி, பிரெயில்பிளாஸ்டர், சாவ் மாய் பிரெயில் போன்ற ஏதோ ஒன்றில் மாற்றி, பிஆர்எஃப் (எம்பாஸருக்குத் தயாரான பிரெயில் ஃபைல்) ஆக எடுத்து எம்பாஸருக்கு அனுப்புவது என்ற வழக்கமான பாதையை வைத்து எழுதுகிறேன். டக்ஸ்பரிக்குப் பணம் கட்ட வேண்டும். மற்ற இரண்டும் இலவசம்.

## எதையும் தொடுவதற்கு முன்

திரையில் தெரியும் பிரெயிலையும் தாளில் வந்த பிரெயிலையும் ஒரு பக்கம் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரையிலேயே தவறாக இருந்தால் பழுது வேர்ட் ஃபைலில் அல்லது மாற்றும்போது தேர்ந்தெடுத்த மொழியில், டெம்ப்ளேட்டில். திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் கெட்டிருந்தால் எம்பாஸர் அமைப்பில். அப்படியானால் கடைசி மூன்று அறிகுறிகளுக்கு நேரே போய்விடுங்கள்.

இன்னொன்று. பிஆர்எஃப் ஃபைலைத் திறந்து அங்கேயே ஸ்பேஸ் சேர்த்து, வரி உடைத்துச் சரிசெய்யாதீர்கள். அந்த ஃபைலில் ஒவ்வொரு வரியும் குறிப்பிட்ட செல் (ஒரு பிரெயில் குறி பிடிக்கும் இடம்) எண்ணிக்கைக்கு வெட்டப்பட்டு உறைந்துபோனது. நாளைக்கு வேறு அளவுத் தாளில் எடுக்கச் சொன்னால் மொத்த உழைப்பும் போய்விடும். திருத்தம் எப்போதும் மூலத்தில்தான்.

சரியான வடிவம் எது என்று தெரிந்தால்தானே தவறு தெரியும். கீழே வரும் எண்களில் முதல் எண் முதல் வரி தொடங்கும் செல், இரண்டாவது எண் தொடர் வரி தொடங்கும் செல்.

- பத்தி: 3-1
- ஒரே நிலைப் பட்டியல்: 1-3
- இரண்டு நிலை: 1-5, 3-5
- மூன்று நிலை: 1-7, 3-7, 5-7

இது வட அமெரிக்க பிரெயில் ஆணையத்தின் வழக்கம். இதே எண்களைப் பெயராகக் கொண்ட பட்டியல் ஸ்டைல்கள் மென்பொருளிலும் கிடைக்கும். பத்திகளுக்கு நடுவே காலி வரி கிடையாது. பட்டியலுக்கு முன்னும் பின்னும் ஒரு காலி வரி உண்டு. உங்களிடம் புத்தகம் கேட்ட பள்ளிக்கோ நூலகத்துக்கோ வேறு பழக்கம் இருந்தால் அவர்கள் பழக்கமே சரி. வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

## பத்திகள் எல்லாம் ஒட்டி ஒரே பத்தியாக வருகிறது

முதலில் வேர்டில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்தி மறைகுறிகளைக் காட்டச் சொல்லுங்கள். பத்தியின் முடிவில் ¶ இருக்க வேண்டும். அதற்குப் பதில் வளைந்த அம்புக்குறி இருந்தால் யாரோ ஷிஃப்ட்+என்டர் தட்டியிருக்கிறார்கள். இணையத்திலிருந்து ஒட்டிய கட்டுரைகளிலும் இது சகஜம். மென்பொருளைப் பொறுத்தவரை அது வரி முறிவு மட்டுமே, புதுப் பத்தி கிடையாது.

தீர்வு ஒரு நிமிட வேலை. கண்ட்ரோல்+எச் அழுத்தி, ‘மோர்’ விரித்து, ‘ஸ்பெஷல்’ பட்டியலில் ‘மேனுவல் லைன் பிரேக்’ எடுத்துத் தேடும் பெட்டியில் போடுங்கள். மாற்றும் பெட்டியில் ‘பாராகிராஃப் மார்க்’. எல்லாவற்றையும் மாற்றுங்கள். கவிதை இருந்தால் மட்டும் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும்.

திரைவாசிப்பானில் வேலை செய்பவர்களுக்கு ¶ குறி காட்டுவதால் பயன் இல்லை. என்விடிஏ திரைவாசிப்பானில் என்விடிஏ கீயோடு எஃப் அழுத்தினால் அந்த இடத்தின் ஸ்டைல் பெயர், வடிவமைப்பு எல்லாம் சொல்லும். அதன் அமைப்புகளில் ‘டாகுமெண்ட் ஃபார்மேட்டிங்’ பகுதியில் உள்தள்ளலை அறிவிக்கவும் சொல்லலாம்.

¶ சரியாக இருந்தும் ஒட்டி வருகிறதா? பத்தியின் ஸ்டைல் என்ன என்று பாருங்கள். தட்டச்சு நிலையங்களிலிருந்து வரும் ஃபைல்களில் யாரோ உருவாக்கிய விசித்திரப் பெயருள்ள ஸ்டைல் இருக்கும். மென்பொருளுக்கு அதை எந்த பிரெயில் ஸ்டைலோடு பொருத்துவது என்று தெரியாது. ‘நார்மல்’ அல்லது ‘பாடி டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டு மறுபடி பிரெயில் மென்பொருளுக்குள் இறக்குமதி செய்யுங்கள். டக்ஸ்பரியில் ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் குறியீடுகள் வெளியே தெரியும். எந்தப் பத்தி எந்த ஸ்டைலில் மாட்டியிருக்கிறது என்று அங்கே கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

## ஒவ்வொரு வரியும் புதுப் பத்தியாக 3-ஆம் செல்லில் தொடங்குகிறது

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்ததா? வேறு காரணம் தேட வேண்டாம். பிடிஎஃப் ஒவ்வொரு அச்சு வரியின் முடிவிலும் ஒரு ¶ வைத்துவிடும்.

பத்திகளுக்கு இடையே இரண்டு ¶ இருந்தால் பிழைத்தீர்கள். இரண்டு ¶ வரும் இடங்களையெல்லாம் முதலில் @@ என்று மாற்றுங்கள். பிறகு மீதமுள்ள ஒற்றை ¶ எல்லாவற்றையும் ஒரு ஸ்பேஸாக மாற்றுங்கள். கடைசியில் @@ இருக்கும் இடத்தில் ¶ திரும்பக் கொண்டுவாருங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. பட்டியல் இருக்கும் பக்கங்களை இதில் சேர்க்காதீர்கள், எல்லா உருப்படியும் ஒரே பத்தியாகச் சுருண்டுவிடும்.

இரட்டை ¶ இல்லையென்றால் கையால்தான். நூறு பக்கத்துக்கு மேல் என்றால் பிடிஎஃப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்துணரி (ஓசிஆர்) மூலம் எடுத்துப் பாருங்கள், பத்தி பிரிப்பு அதில் ஓரளவு தேறும். ஆனால் ‘ா’ வரும் இடத்தில் ‘ர’, ‘ஔ’ வரும் இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் என்று விழுந்திருக்கலாம். திரையில் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும். பிரெயிலில் அவை வெவ்வேறு எழுத்துகள், வாசிப்பவர் தடுக்கி நிற்பார். எழுத்துணரி வழியாக வந்த எதையும் மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

## தேவையில்லாத காலி வரிகள், திடீர் இடைவெளிகள்

காலி ¶ தான் காரணம். இரண்டு ¶ தேடி ஒன்றாக மாற்றுங்கள். மாற்றம் பூஜ்யம் என்று வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். புதுப் பக்கத்துக்குப் போக இருபது என்டர் தட்டியிருந்தால் அதை நீக்கிவிட்டு கண்ட்ரோல்+என்டர் போட்டுப் பக்க முறிவு வையுங்கள்.

வரித் தொடக்கத்தில் ஸ்பேஸ் இருந்தால் ¶-ஐயும் அடுத்து ஒரு ஸ்பேஸையும் சேர்த்துத் தேடி, வெறும் ¶ ஆக மாற்றுங்கள். இதையும் பூஜ்யம் வரை ஓட்ட வேண்டும்.

## பட்டியல் எண்கள் காணாமல் போகின்றன, அல்லது இரண்டு தடவை வருகின்றன

வேர்ட் தானாகப் போடும் எண் உரையில் எழுதப்பட்டது இல்லை. திரையில் காட்டுவதற்காக வேர்ட் கணக்கிட்டு வைப்பது. அம்புக்குறியை நகர்த்திப் பாருங்கள், கர்ஸர் எண்ணுக்குள் நுழையாது. சில இறக்குமதிகளில் இந்த எண் அப்படியே உதிர்ந்துவிடும். அதன் மேலேயே யாராவது கையால் ‘1.’ என்று தட்டியிருந்தால் இரண்டு முறை வரும்.

சோதிக்கும் வழி: முதல் பத்து உருப்படிகளை மட்டும் தனி ஃபைலில் போட்டு மாற்றிப் பாருங்கள். எண் வந்தால் முழு ஃபைலுக்கும் கவலையில்லை. வராவிட்டால் பட்டியலை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி வேர்டுக்குக் கொண்டுவாருங்கள். எண் உரையாகிவிடும். எண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவில் டேப் நிற்கும், அதை ஒற்றை ஸ்பேஸாக மாற்றிவிடுங்கள். ‘1.’ அடித்ததும் வேர்ட் மறுபடி தன் வேலையைக் காட்டாமலிருக்க ஆட்டோகரெக்ட் அமைப்பில் ‘ஆட்டோமேட்டிக் நம்பர்டு லிஸ்ட்ஸ்’ என்பதை நிறுத்தி வையுங்கள். பிரெயில் வேலை செய்யும் கணினியில் இதை நிரந்தரமாகவே நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி.

சில உருப்படிகள் எண்ணோடு சேர்ந்து மொத்தமாகவே காணோம் என்றால் அவை டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருந்திருக்கும். பெரும்பாலும் இறக்குமதி அதைக் கண்டுகொள்ளாது. வெட்டி எடுத்து உரைக்குள் வையுங்கள்.

## தொடர் வரி எண்களோடு கலந்துவிடுகிறது

வாசகர் அதிகம் அவதிப்படுவது இதில்தான், தயாரிப்பவர் அதிகம் கவனிக்காததும் இதுவே.

பட்டியல் வாசிப்பவர் இடது ஓரத்தில் விரலை மேலிருந்து கீழே இறக்கித் தேடுவார். முதல் செல்லில் எண் குறி, அதாவது 3-4-5-6 புள்ளிகள், தட்டுப்பட்டால் அங்கே ஒரு கேள்வி தொடங்குகிறது என்று அர்த்தம். தொடர் வரி 3-ஆம் செல்லுக்குத் தள்ளி நின்றால் ஓரத்தில் எண்கள் மட்டுமே மிஞ்சும். தொடர் வரியும் முதல் செல்லுக்கு வந்துவிட்டால் நாற்பது கேள்வி உள்ள தாளில் 27-ஆம் கேள்வியைத் தேட ஒவ்வொரு வரியாகத் தடவ வேண்டும். தேர்வு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு இதைவிட அநியாயம் செய்ய முடியாது.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

பட்டியல் பத்தி ஸ்டைலில் மாட்டியிருப்பதுதான் சாதாரணமாக நடப்பது. எண் 3-ஆம் செல்லிலும் தொடர் வரி 1-ஆம் செல்லிலும் வந்தால் இதுவேதான். உருப்படிகளைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் ஸ்டைல் கொடுங்கள், முடிந்தது.

அடுத்து, வேர்டில் தொடர் வரியை என்டரும் ஐந்து ஸ்பேஸும் போட்டுச் செயற்கையாக உள்ளே தள்ளியிருப்பார்கள். அச்சில் சரியாக நிற்கும். பிரெயிலில் வரியின் நீளமே வேறு என்பதால் பாதி வரியில் முறிந்து, அடுத்த துண்டு தனி உருப்படி போல நிற்கும். அந்த என்டர்களை நீக்கி ஒரு உருப்படி ஒரு பத்தியாக ஆக்க வேண்டும்.

மூன்றாவது, துணைப்பட்டியல். பல பேர் முதல் நிலைக்கு 1-3, இரண்டாம் நிலைக்கு 3-5 என்று கொடுக்கிறார்கள். அப்போது முதல் நிலையின் தொடர் வரியும் இரண்டாம் நிலையின் தொடக்கமும் ஒரே 3-ஆம் செல்லில் விழும். எது துணை, எது தொடர்ச்சி என்று விரலுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் எல்லா நிலைகளின் தொடர் வரியும் ஒரே இடத்துக்கு, கடைசி நிலை தொடங்கும் செல்லிலிருந்து இரண்டு செல் உள்ளே, போக வேண்டும். 1-5, 3-5 என்று மேலே சொன்னது அதற்காகவே.

### நான்கு விடைகள் ஒரே வரியில் குவிகின்றன

‘அ) சென்னை ஆ) மதுரை இ) திருச்சி ஈ) கோவை’ என்று நடுவில் டேப்போ ஸ்பேஸோ வைத்து ஒரே வரியில் தட்டியிருப்பார்கள். இடைவெளிகள் சுருங்கி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். விடை ஒவ்வொன்றும் தனி வரியாக வேண்டும். கேள்வி 1-5, விடை 3-5. தாள் கூடுதலாகச் செலவாகும்தான். அதை மிச்சம் பிடிக்க விடைகளைக் குவிக்கச் சொல்லும் அலுவலகங்கள் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விடைகள் வேர்டில் டேபிளுக்குள் இருந்தால், டேபிளைத் தேர்ந்தெடுத்து ‘கன்வர்ட் டு டெக்ஸ்ட்’ கொடுத்து, பிரிப்பானாக ¶ வைத்துக்கொள்ளுங்கள். வரிசை அ, இ, ஆ, ஈ என்று குழம்பவில்லையே என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். ‘பொருத்துக’ போன்ற உண்மையான இரு நெடுவரிசை அட்டவணை, கணிதக் கேள்விகள், வரைபடம் இவை வந்தால் அங்கே நிறுத்துங்கள். பிரெயில் ஆக்கத்தில் பயிற்சி பெற்றவரிடம் அந்தப் பக்கங்களை மட்டும் கொடுப்பதுதான் முறை.

## பட்டியல் புள்ளிக்குப் பதில் புரியாத குறி

வேர்டின் கறுப்புப் புள்ளி பல நேரம் சிம்பல் அல்லது விங்டிங்ஸ் எழுத்துருவிலிருந்து வருவது. யூனிகோடில் அதற்குப் பொதுவான பொருள் இல்லாததால் மென்பொருள் கேள்விக்குறியோ, ஏதோ குறியீட்டு எண்ணோ துப்பும். சாதாரண புள்ளிக்கு மாற்றுங்கள், அல்லது நீக்கிவிடுங்கள். 1-3 வடிவமே உருப்படிகளைப் பிரித்துக் காட்டிவிடும் என்பதால் குறி இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

## வரியின் வலப்பக்கம் பாதி காலியாக இருக்கிறது

இது பெரும்பாலும் பழுதே இல்லை. தமிழ் பிரெயிலில் உயிர்க்குறிக்கு ஒரு செல், மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு செல். ‘கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல் 19 செல் பிடிக்கும். 30 செல் வரியில் 12 செல் எழுதிய பிறகு இந்தச் சொல் வந்தால் அடுத்த வரிக்குத்தான் போகும், 18 செல் காலியாக நிற்கும். அப்படியே விடுங்கள். மூலத்தில் கையால் இணைப்புக்கோடு போட்டு உடைக்க வேண்டாம். தாள் அளவு மாறினால் கோடு நடுவரியில் வந்து நிற்கும்.

சின்னச் சொற்கள் இருந்தும் இப்படி நடந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். முறியா இடைவெளி ஒளிந்திருக்கும். ‘ஸ்பெஷல்’ பட்டியலில் ‘நான்பிரேக்கிங் ஸ்பேஸ்’ தேடி சாதாரண ஸ்பேஸாக மாற்றுங்கள்.

## பத்தி அமைப்பு சரி, எழுத்து மொத்தமும் குப்பை

ஃபைல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்து. சோதனை எளிது: ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியல் ஆக்குங்கள். ஆங்கிலக் குப்பையாக மாறினால் யூனிகோடு இல்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் மாற்றிக்கொண்டு வாருங்கள். மாற்றிய பிறகு பட்டியல் எண்களையும் அடைப்புக்குறிகளையும் தனியாகப் பாருங்கள், அவை வேறு குறியாகியிருக்கக்கூடும். ஃபைலில் ஆங்கிலப் பகுதி கலந்திருந்தால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு மாற்றுங்கள்.

யூனிகோடுதான், ஆனாலும் குப்பை என்றால் மாற்றும்போது தமிழ் தேர்ந்தெடுக்கப்படவில்லை. டெம்ப்ளேட்டை அல்லது மொழி அட்டவணையை மாற்றி மறுபடி இறக்குமதி செய்யுங்கள்.

## திரையில் சரி, தாளில் ஒரு நீள வரி, ஒரு குட்டி வரி

ஃபைல் 40 செல் அகலத்தில் இருக்கிறது, எம்பாஸர் 32 செல்லில் நிற்கிறது. ஒவ்வொரு வரியும் 32 ஆகவும் 8 ஆகவும் உடைகிறது. பட்டியல் அடையாளமே தெரியாமல் போகும்.

வரிக்கு 40 செல், பக்கத்துக்கு 25 வரி என்பது 11.5 × 11 அங்குலத் தாளுக்கான அமெரிக்க அளவு. மென்பொருளில் முன்கூட்டியே இதுதான் இருக்கக்கூடும். நம்மிடம் ஏ4 தாள் இருந்தால் கணக்கு வேறு. செல்லுக்குச் செல் சுமார் 6 மில்லிமீட்டர், வரிக்கு வரி சுமார் 10 மில்லிமீட்டர். ஓரம் போக 30 முதல் 32 செல், 27 அல்லது 28 வரிதான் தாங்கும்.

மென்பொருளில் எம்பாஸர் அமைப்பு, எம்பாஸரின் சொந்த மெனு, கையில் இருக்கும் தாள் மூன்றும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும். மாற்றிய பின் பழைய பிஆர்எஃப்பை அனுப்பாதீர்கள், மூலத்திலிருந்து புதிதாக எடுங்கள். முதல் செல் தாளுக்கு வெளியே விழுந்தால் இடது ஓர அமைப்பையும் தாள் வழிகாட்டியையும் பாருங்கள்.

## பக்கத்துக்குப் பக்கம் காலித் தாள், அல்லது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது

இதுவும் அளவுச் சண்டைதான், உயரத்தில். ஃபைலில் 28 வரி, எம்பாஸரில் 27 என்றால் கடைசி வரி அடுத்த தாளுக்குப் போய், பக்க முறிவு வந்ததும் அந்தத் தாள் ஒற்றை வரியோடு வெளியேறும். இரண்டும் சமமாக இருந்தும் காலித் தாள் வந்தால், சில எம்பாஸர்கள் தாள் நிரம்பியதும் தாமாக ஒரு முறை தள்ளி, முறிவைக் கண்டு இன்னொரு முறை தள்ளுகின்றன. ஃபைலில் ஒரு வரி குறைத்தால் நின்றுவிடும். மடிப்புத் தாளில் மடிப்புக் கோட்டின் மேலேயே வரி விழுந்தால் தாளின் மேல் விளிம்பு அமைப்பைச் சரிசெய்யுங்கள்.

## எழுத்து சரி, எண்ணும் நிறுத்தக்குறியும் மட்டும் தவறு. அல்லது புள்ளிகள் விடுபடுகின்றன

முதலாவது எம்பாஸருக்குள் இருக்கும் பிரெயில் அட்டவணை வேறு நாட்டினுடையதாக இருப்பதால் வருவது. பட்டியல் எண்கள் அத்தனையும் அடிபடும். மெனுவில் பிஆர்எஃப்புக்குப் பொருந்தும் அமெரிக்க அட்டவணைக்கு மாற்றிப் பாருங்கள். முதல் வரியின் தொடக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று அந்நியக் குறி வந்தால், பிஆர்எஃப்பை யாரோ நோட்பேடில் திறந்து வேறு குறியாக்கத்தில் சேமித்திருக்கிறார்கள். மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். பிஆர்எஃப்பை வேர்டில் திறந்து சேமிப்பது இன்னும் மோசம்.

புள்ளி விடுபட்டால், எந்தப் புள்ளி என்று பாருங்கள். அங்கங்கே மங்கலாக இருந்தால் தாள் மெலிதாக இருக்கலாம், 120 கிராமுக்குக் குறையாத தாளில் ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். தாள் மாற்றியும் குறிப்பிட்ட ஒரே புள்ளி எல்லா வரியிலும் விடுபட்டால் அது தாளில் புள்ளி குத்தும் சுத்தியலின் பழுது. மூடியைத் திறக்காமல் எம்பாஸரை நிறுத்தி, விற்றவரின் சர்வீஸ் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பழுதான அந்தப் பக்கத்தையும் தாளின் கனத்தையும் அவரிடம் காட்டினால் பாதி விசாரணை மிச்சம். உத்தரவாதம் இருக்கும்போது வெளி ஆளைக் கொண்டு கழற்றவே வேண்டாம். அவர் வந்து போகும்வரை வேலை நிற்கக்கூடாது என்றால், அளவு ஒத்துப்போகும் வேறொரு எம்பாஸர் வைத்திருப்பவரிடம் பிஆர்எஃப்பை அனுப்பி அச்செடுக்கலாம். அளவு ஒத்துப்போகாவிட்டால் மூல ஃபைலை அனுப்பி, அவர் தாளுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.